லாக் புக்கில் நான் எழுதின பாகு

குவார்ட்டர்ஸ் பிள்ளைங்க வாட்ஸாப் குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் எழுதறது. பிள்ளைங்கன்னு பேர் வெச்சிருக்கீங்க. முட்டிவலியும் சர்க்கரையும் இல்லாத ஒருத்தர்கூட நம்மில் கிடையாது. இருக்கட்டும்.

நேத்து ஏட்டு மகன் ஒரு போட்டோ போட்டிருந்தான். (அவன் இவன்னுதான் எழுதுவேன். என்னைவிட ஒரு வயசு சின்னவன்.) திருப்பதியில் ஏதோ மைதானத்தில் ஓடாத போலீஸ் வண்டிகள் வரிசையா நிக்குது. டயருக்கு நடுவில் எருக்கஞ்செடி முளைச்சிருக்கு. ஒரு வண்டிக்குள்ளே கோழி உட்கார்ந்திருக்கு. கீழே எழுதியிருந்தான்: "இப்ப வர்ற வண்டிங்க நாலு வருஷம் தாங்கறதில்ல. அந்தக் காலத்து ஜீப்பு இருவது வருஷம் தாங்கும். நம்ம ஸ்டேஷன் ஜீப்பத் தவிர. அத ஒருத்தரு ஓட்டியே கொன்னுட்டாரு." அதுக்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள். எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு.

அந்த ஒருத்தர் என் நைனா, என் அப்பா. ஸ்டேஷன் ஜீப் டிரைவர்.

எனக்கு பயம் ஜாஸ்தி, உங்களுக்கே தெரியும். கேஸை மூடினேனான்னு மூணு தரம் எழுந்து பார்க்கிறவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதை அனுப்பினால் யார் என்ன சொல்வாங்களோன்னு காலையிலிருந்து எழுதறதும் அழிக்கறதுமா இருக்கேன். ஆனாலும் எழுதறேன். ஒரு தரமாவது இதை யாராவது எழுதி வைக்கணும்.

ஊர் பேர் எழுத மாட்டேன். இந்தப் பக்கம் ஆந்திராவில் நாகலாபுரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு. அது போதும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ், பத்து வீடு. கக்கூஸுக்கு வரிசை. நம்ம எல்லாருக்கும் பொதுவா ஒரு ஜீப்.

அது நம்ம ஸ்டேஷனுக்கு வரும்போதே புதுசு இல்லைன்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சித்தூரில் ஒருத்தர், மதனப்பள்ளியில் ஒருத்தர்னு ரெண்டு ஸ்டேஷன் ஓட்டித் தேய்ச்சுத்தான் நம்ம எல்லைப்புறத்துக்குத் தள்ளினாங்க. தார்பாய்க் கூரையில் மூணு ஒட்டு. பின்பக்கம் கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் தாள், மஞ்சளா, பழைய அப்பளம் மாதிரி. உள்ளே ஏறினால் ஈரத் தார்பாய், டீசல், பீடி, பூட்ஸ் எல்லாம் கலந்து ஒரு நாற்றம். இன்னைக்கும் மழையில் நனைஞ்ச ஷேர் ஆட்டோவில் ஏறினால் அந்த நாற்றத்தில் கால்வாசி வரும்.

ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால் நைனா வேப்பங்கட்டையில் ஒரு முட்டு செதுக்கி வெச்சிருந்தார். வண்டி நின்றதும் யாராவது குதிச்சு ஓடி அதை டயருக்கு அடியில் வைக்கணும். பந்தோபஸ்துக்குத் துப்பாக்கி மறந்தாலும் மறப்பாங்க, கட்டையை மறக்க மாட்டாங்க.

அந்த ஜீப் செய்த வேலையை நினைச்சுப் பாருங்க. கிணற்றில் விழுந்தவங்களைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். சாராயக்காரனைத் துரத்தி ஆற்று மணலில் இறங்கும். பிறகு அதே வண்டியில் எஸ்.ஐ. வீட்டுக்குத் தண்ணி டிரம், எஸ்.ஐ. மச்சினிக்குக் கல்யாணப் புடவை எடுக்க நகரிக்கு மூணு தரம். ஆறு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பன்னெண்டு பேர். புத்தூர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு நைனாகிட்டே சொல்வார்: "இது போலீஸ் வண்டிண்ணா. தானா சாவாது. சாவுறதுக்கு பர்மிஷனும் குடுக்க மாட்டாங்க."

காலையில் அது தானா எழுந்திருக்காது. பேட்டரி வீக். செல்ஃப் அடிச்சால் இருமும், அவ்வளவுதான். அப்ப எஸ்.ஐ. படியில் நின்னு கை தட்டுவார்: "டேய் பிள்ளைங்களா, தோயண்டிரா." தள்ளுங்கடான்னு அர்த்தம். நாம பல்பொடி வாயோடு ஓடுவோம். ஏட்டு மகன் எப்பவும் இடது மூலை. ரைட்டர் மக நடுவில், தள்ளுகிற மாதிரி பாவனை காட்டுவாள், தள்ள மாட்டாள். எட்டாம் நம்பர் வீட்டு அக்காதான் எல்லாரையும்விட பலசாலி. அரசமரத்து மேடு வரைக்கும் தள்ளணும். அங்கிருந்து சரிவு. நைனா கியரைப் போட்டதும் கருப்புப் புகை நம்ம மூஞ்சியில் அடிக்கும். அதுதான் நமக்கு ஸ்கூல் பெல். ஒரு நாள் அக்காவின் கால் கட்டைவிரல் மேலே டயர் ஏறி, நகம் கருத்துப்போச்சு. ஒரு மாசம் செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க.

இப்ப லாக் புக்குக்கு வர்றேன்.

நைனா அஞ்சாவது வரைக்கும் தமிழில் படிச்சவர். தெலுங்கு பேசுவார், திட்டுவார், தெலுங்கில் கையெழுத்தும் போடுவார். எழுதப் படிக்க வராது. லாக் புக் தெலுங்கில் இருக்கணும். முதலில் ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருக்கு வேலை ஜாஸ்தி, நோட்டை நைனா பக்கம் தள்ளிவிட்டு, "உன் வண்டி சீக்குக்கெல்லாம் நான் பேனா பிடிக்கணுமா? உன் வீட்லயே ஒரு பண்டிதம்மா இருக்காளே, எழுதச் சொல்லுப்பா" என்றார். பண்டிதம்மா நான். ஆறாம் வகுப்பு, தெலுங்கு மீடியம். கையெழுத்து அழகா இருக்குன்னு டீச்சர் என் நோட்டை மற்ற கிளாஸுக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டுவாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில் நைனா குளிச்சுட்டு, லுங்கியோடு உட்கார்ந்து சொல்லுவார். நான் பாயில் குப்புறப் படுத்து எழுதுவேன்.

"பிரேக்கு லைனிங் தேஞ்சுபோச்சு. பாகு பண்ணணும். எழுதினியா?"

"எழுதிகினு இருக்கேன்."

"முன் ஆக்சில்ல சத்தம் வருது. பாகு பண்ணணும். ஸ்டீரிங்கு ஒரு பக்கம் இழுக்குது. பாகு பண்ணணும்."

நம்ம பக்கத்தில் பாகுன்னா வெல்லப்பாகு இல்லை. தெலுங்கில் பாகுன்னால் 'நல்லா இருக்கு'. அதையே 'பாகு சேயாலி'ன்னு சொன்னால் 'ரிப்பேர் பண்ணணும்'. அதைத்தான் நாம தமிழில் பாகு பண்ணணும்னு சொல்வோம். வண்டியைப் பாகு பண்ணணும், கூரையைப் பாகு பண்ணணும், மாட்டுக்கொட்டாயைப் பாகு பண்ணணும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னாடி விசாரணைக்கு வந்த ஆபீசருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

லாக் புக்கில் வண்டி நிலைமைன்னு ஒரு கட்டம். என் கட்டைவிரல் அகலம்தான். கோட்டைத் தாண்டி எழுதினால் டீச்சர் ஸ்கேலால் விரல் கணுவில் தட்டுவாங்க. அந்த பயம் எனக்கு வீட்டிலும் உண்டு. அதனால் சுருக்கி எழுதினேன். பிரேக், பாகு. ஆக்சில், பாகு. ஸ்டீரிங், பாகு. குண்டு குண்டா, கோட்டுக்குள்ளே, முத்து மாதிரி.

நைனா அதை வாங்கித் தள்ளிப் பிடிச்சுப் பார்ப்பார். "நம்ம வீட்லயும் ஒரு ரைட்டரு" என்பார் அம்மாவிடம். திங்கள்கிழமை அது எஸ்.ஐ. மேஜைக்குப் போகும். அவர் ஒவ்வொரு வாரமும் பக்கத்துக்கு அடியில் கையெழுத்து போட்டார். பதினொரு மாசம் போட்டார். பிரேக் நல்லா இருக்கு, ஆக்சில் நல்லா இருக்கு, ஸ்டீரிங் நல்லா இருக்குன்னு படிச்சிட்டுப் போட்டார். போட்டுட்டு வெளியே வந்து, படியில் நின்னு, கை தட்டி நம்மைத் தள்ளச் சொன்னார்.

நைனாவுக்கு மட்டும் ஒண்ணு புரியவே இல்லை. "வாரா வாரம் எழுதிக் குடுக்கறோம். ஒரு நாள்கூட வொர்க்‌ஷாப்புக்கு அனுப்ப மாட்டேங்கறானுங்களே" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். வாயால் ரெண்டு தரம் எஸ்.ஐ.யிடம் சொன்னார். "லாக் புக்குல எழுதுப்பா, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. அதைக் கேட்டுட்டு வந்து, அடுத்த ஞாயிறு இன்னும் கறாரா எனக்குச் சொன்னார். நான் இன்னும் அழகா எழுதினேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. திருச்சானூர் கோயிலில் பஞ்சமி தீர்த்தத் திருவிழா. நம்ம ஸ்டேஷன் ஆளுங்களையும் பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டாங்க. மறுநாள் காலையில் திரும்பும்போது பன்னெண்டு பேர் உள்ளே. எஸ்.ஐ. முன்னால். வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னு அவசரம். ஏரிக்கரைச் சரிவில் எதிரே கரும்பு ஏற்றின ரெண்டு மாட்டு வண்டி. நைனா பிரேக்கை மிதிச்சார். காலுக்கடியில் ஒண்ணுமே இல்லை, பஞ்சு மாதிரி உள்ளே போச்சுன்னு பின்னாடி சொன்னார். வலது பக்கம் ஏரித் தண்ணி. எதிரே மாடுகள். இடது பக்கம் நாத்து நட்ட கழனி. அவர் இடது பக்கம் திருப்பினார்.

பன்னெண்டு பேரும் சேற்றிலிருந்து நடந்தே வெளியே வந்தாங்க. எஸ்.ஐ.க்கு மணிக்கட்டு முறிஞ்சது. ஜீப்புக்கு முன் ஆக்சில் வளைஞ்சது. ஏட்டு மகனே, உன் நைனாவும் அந்த வண்டியில்தான் இருந்தார். எங்க வீட்டு வாசலுக்கு வந்து அம்மாகிட்டே, "இவன் கை திருப்பலன்னா எங்க வீட்ல இன்னிக்கு ஒப்பாரிதான்மா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ஒரு வாரம் கழிச்சு அதை அவர் மறந்துட்டார்.

சித்தூரிலிருந்து மோட்டார் ஆபீசர் ஒருத்தர் விசாரணைக்கு வந்தார். வண்டி கெட்டதா, ஓட்டினவன் கெடுத்தானா, அதுதான் கேள்வி. ஓட்டினவன்தான் கெடுத்தான்னு எழுதிட்டால் ஸ்டீரிங் போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு. லாக் புக் எங்கேன்னு கேட்டார். அது எங்க வீட்டில், என் புஸ்தகப் பையில்.

ஒரு கான்ஸ்டபிள் ஓடி வந்து சொன்னார். லாக் புக் வீட்டுக்கு வரக்கூடாதாமே, அதுக்கு வேறே தண்டனை இருக்குமான்னு அம்மா என்னைக் கேட்டாங்க, பதினோரு வயசுக்காரியை. அதை ஒரு துண்டில் சுற்றி, மேலே சாப்பாட்டுத் தூக்கை வெச்சு, என்னை அனுப்பினாங்க. நைனாவுக்குச் சோறு கொண்டுபோகிற மாதிரி போனேன்.

ஸ்டேஷன் பின்னால் தகரக் கொட்டகை. ஜீப் செங்கல் மேலே நிக்குது. ஆபீசர் நாற்காலியில். எஸ்.ஐ. கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில். நான் கொண்டுவந்த லாக் புக்கை நைனா வாங்கி நீட்ட, ஆபீசர் புரட்டினார். நிதானமான ஆள். பக்கம் பக்கமா பார்த்துட்டு, "எவரு ராசினாரு இதி?" என்று கேட்டார். யார் எழுதினது?

"நேனே சார்," நான்தான்னார் நைனா.

"அய்தே சதுவு." அப்படின்னா படி.

நைனா புக்கைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, ரொம்ப மரியாதையா, "ஏ நெல சார் அதி?" என்று கேட்டார்.

எந்த மாசம் சார் அது?

கொட்டகையே சிரிச்சது. எஸ்.ஐ. கட்டுப்போட்ட கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். ஆபீசர் சிரிக்கலை. "ஜூன்," என்றார். நைனா புக்கைப் பார்க்காமலே சொன்னார்: ஜூன் முதல் வாரம், பின் பக்கம் இடது லைனிங், பாகு பண்ணணும். ரெண்டாவது வாரம், ரேடியேட்டர் ஒழுகுது, பாகு பண்ணணும். "ஆகஸ்ட்?" என்றார் ஆபீசர். ஆகஸ்டையும் சொன்னார். வண்டிக்கு எந்த வாரம் எங்கே வலிச்சதுன்னு ஒண்ணு விடாமல் சொன்னார். ஆபீசர் விரலை வரிகள் மேலே வெச்சு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் சரியா இருந்தது, கடைசி வார்த்தையைத் தவிர.

"இங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதானேப்பா இருக்கு," என்றார்.

என் வாய் எப்படித் திறந்ததுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. "நான்தான் சார் எழுதினேன். பாகுன்னா பாகு பண்ணணும்னு சார். கட்டம் சின்னதா இருந்திச்சி."

மறுபடியும் சிரிப்பு. எஸ்.ஐ. சொன்னார், "பாத்தீங்களா சார், அப்பனும் பொண்ணும் சேந்து நாடகம் ஆட்றாங்க. வண்டி நல்லாத்தான் இருந்தது."

"நல்லா இருந்தா ஏன் சார் தெனமும் எங்களத் தள்ளச் சொன்னீங்க?"

அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை. ஆபீசர் என் பக்கம் திரும்பினார். யார் யார் தள்ளினீங்கன்னு கேட்டார். நான் சொன்னேன். ஏட்டு மகன், ரைட்டர் மக, எட்டாம் நம்பர் அக்கா. கூட்டிட்டு வாங்கன்னார்.

நீங்க மூணு பேரும் சுவரோரம் நின்னீங்க. ஞாபகம் இருக்கா? எதிரே உங்க உங்க நைனாக்கள். பக்கத்தில் எஸ்.ஐ. ஆபீசர் நல்ல மாதிரியாத்தான் கேட்டார்: "தோசினாரா அம்மா? ரோஜூ பண்டி தோசினாரா?" தினமும் வண்டியைத் தள்ளினீங்களான்னு.

ஏட்டு மகன் அவன் நைனா மூஞ்சியைப் பார்த்தான். "லேது சார்."

ரைட்டர் மக, "லேது சார்." ரெண்டு பேருமே இல்லைன்னுட்டாங்க.

அக்காவும் இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டினாங்க. ஆட்டும்போது, கருத்த நகம் இருந்த காலை எடுத்து இன்னொரு காலுக்குப் பின்னால் வெச்சுக்கிட்டாங்க.

ஆபீசர் புக்கை மூடினார். எழுத்தில் இருக்கிறதைத்தானே அவர் எழுத முடியும். வண்டி நல்ல நிலைமை, ஓட்டுநர் கவனக்குறைவு. வண்டியை இனி லாயக்கில்லைன்னு கண்டம் பண்ணிட்டாங்க. அதோடு நைனாவையும்.

வீட்டுக்கு வர்ற வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். தெலுங்கு நோட்டை அடுப்பில் போடறேன்னு சொன்னேன். நைனா காலி தூக்கை ஆட்டிக்கொண்டே நடந்தார். "எழுதினவ மேல தப்பு இல்ல," என்றார். "படிச்சவன் மேல." கொஞ்ச தூரம் போய், "நோட்டக் கீட்ட கொளுத்தின, கால ஒடச்சிடுவேன்," என்றார்.

நான் கொளுத்தலை. ஆனால் நைனாவை மாத்திவிட்டு நாங்க சித்தூருக்குப் போனதும் புதுப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத உட்கார்ந்தாலே விரல் மரத்துப்போகும். நான் எழுதினதை யார் எப்படிப் படிப்பாங்களோன்னு பயம். ஏழாவதோடு நின்னேன். அதுக்கும் நைனா அடிச்சார், திட்டினார், கடைசியில் அழுதார். பிறகு நகரியில் பவர்லூம், கல்யாணம், மற்றதெல்லாம். இந்தத் தமிழ், மளிகை கட்டி வந்த பேப்பரையும் பஸ் போர்டையும் பார்த்து நானே கத்துக்கிட்டது. இதில் பிழை இருந்தால் அது என் சொந்தப் பிழை.

நைனாவுக்குச் சித்தூரில், பிடிச்சு வெச்ச வண்டிகளுக்குக் காவல். துருப்பிடிச்ச லாரிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். சர்வீஸ் முடிகிற வரைக்கும் சர்க்கார் வண்டி சாவி எதையும் அவர் கையில் தரலை.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன். ஆறு வருஷம் கழிச்சு, மாங்கா சீசனில், நானும் நைனாவும் புத்தூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். கூடை கூடையா மாங்கா ஏற்றிக்கொண்டு பச்சை பெயின்ட் அடிச்ச ஒரு ஜீப் வந்து நின்னது. நைனா சத்தத்தை வெச்சே திரும்பினார். தார்பாயில் அதே மூணு ஒட்டு. பாலசமுத்திரத்துக்காரர் ஒருத்தர் ஏலத்தில் எடுத்திருக்கார்.

"பிரேக்கு பிடிக்குதாப்பா?" என்றார் நைனா.

"லைனிங் மாத்தினேண்ணா, ஆக்சில் நிமித்தினேன். அவ்ளோதான். அஞ்சு வருசமா ஒரு தொந்தரவு இல்ல. எவனோ பொறுமசாலி ஓட்டின வண்டி, இஞ்சின் அப்டியே கீது," என்றார் அவர். யாரிடம் சொல்றோம்னு அவருக்குத் தெரியாது.

நைனா பானெட் மேலே உள்ளங்கையை வெச்சார். சூடு. எடுக்கவே இல்லை. அவர்கிட்டே தான் யாருன்னு சொல்லவும் இல்லை.

ஆக, ஏட்டு மகனே, நம்ம ஸ்டேஷன் ஜீப்பும் தாங்குச்சு. எனக்குத் தெரிஞ்சே மூணு ஸ்டேஷனையும், ஒரு எஸ்.ஐ. குடும்பத்தையும், ஒரு மாந்தோப்பையும் தாங்குச்சு. தாங்காமல் போனது வேறே. இப்ப மைதானத்தில் நிக்கிற வண்டிகளையும் யாரோ ஓட்டியிருப்பாங்க. எழுதிக் கொடுத்திருப்பாங்க. சிரிக்கறதுக்கு முன்னாடி அவங்க எழுதினதை யார் படிச்சாங்கன்னு கேளுங்க.

உங்க மேலே கோவம் இல்லைன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இருக்குன்னு தெரியுது. பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளைங்க, நைனாக்கள் எதிரே வேறே என்ன சொல்லியிருப்பீங்க, அதுவும் தெரியுது. அன்னைக்குச் சொன்னதுக்கு நான் கணக்குக் கேட்கலை. நேத்து சிரிச்சீங்களே, அதைக் கேட்கறேன். எட்டாம் நம்பர் அக்கா, நீங்களும் ஒரு மூஞ்சி போட்டிருந்தீங்க.

நைனா இப்ப இல்லை. அவருக்காக யாரும் எங்கேயும் போய் சாட்சி சொல்ல வேண்டாம். இந்த குரூப்பில், இதுக்குக் கீழே, ஒரே ஒரு வார்த்தை போடுங்க: தள்ளினோம். தெலுங்கில் போட்டாலும் சரி, தமிழில் போட்டாலும் சரி.

போடலைன்னாலும் பரவாயில்லை. ரெண்டு நீலக் கோடு விழும். படிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்.